இரண்டாவது கம்பு

புத்தளம் மாவட்டத்து முந்தல் பக்கம் சிலம்படி பழகப் போகிறவனுக்கு எடுத்த எடுப்பில் கம்பு கிடைக்காது. காலடிதான். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னுக்கு, பின்னுக்கு, குறுக்கே, மூலைக்கு என்று அடி வைத்துத் திரும்ப வேண்டும். கம்பு தென்னையில் சாத்தியிருக்கும். அதைத் தொட்டால், பழக்குகிற ஆசானான அண்ணாவியாரின் முகம் மாறும். பொடியன்களில் பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள். கிரிக்கெட் பழகப் போனால் முதல் நாளே மட்டையைத் தந்துவிடுகிறார்களே, இங்கே யார் காத்திருப்பார்கள்?

எங்கள் களம் களப்புப் பக்கத்துத் தென்னந்தோட்டம். அஸர் தொழுதுவிட்டு வருகிறவர்களும் வலை வேலை முடித்து வருகிறவர்களும் சேர்ந்து ஓலை, பன்னாடை, குரும்பட்டியைக் கூட்டி ஒதுக்கினால் மணல் தரை வந்துவிடும். சிமெந்துத் தரையில் பழகுகிறவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. வைத்த அடி அப்படியே கிடக்கும். ஒரு சுற்று முடிந்ததும் அண்ணாவியார் எங்களைப் பார்க்கமாட்டார், தரையைப் பார்ப்பார். குதிகால் பதிந்த குழி ஆழமாக இருந்தால் பாரம் முழுவதும் பின்னுக்கே நின்றுவிட்டது. அப்படி நிற்பவனால் அடி வரும்போது விலக முடியாது. திரும்பிய இடத்தில் மணல் நீளமாக இழுபட்டிருந்தால் காலைத் தூக்காமல் இழுத்திருக்கிறான். முன்பாதத்தின் கீழே மட்டும் சின்ன வட்டமாகக் குடைந்திருந்தால் அது சரியான திரும்பல். “இந்தா பாருங்க மகன், நீங்க இங்க செத்துட்டீங்க” என்று ஒரு குழியைக் கம்பு நுனியால் காட்டுவார். குரலில் கோபமே இருக்காது.

கம்புக்குப் பிரம்புதான் நல்லது. நிலத்தில் ஊன்றினால் புருவ மட்டத்துக்கு வர வேண்டும். மூங்கில் லேசு, ஆனால் அடிபட்டு வெடித்தால் சிலாம்பு உள்ளங்கையைக் கிழித்துவிடும். தேங்காயெண்ணெய் பூசி நிழலில் வைப்போம். புத்தளம் மாவட்டத்தில் அதற்கென்ன பஞ்சம்! பிடிக்கும்போது பின்கை அடிமுனைக்குக் கிட்ட, முன்கை அதிலிருந்து ஏறக்குறைய ஒரு முழம் தள்ளி. இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். தளர விட்டால் எதிராளியின் முதல் அடியிலேயே கம்பு பறக்கும். கச்சான் காற்று எழும்பும் மாதங்களில் மணல் முகத்தில் அடிக்கும். அந்த நாட்களில் அண்ணாவியார் வேண்டுமென்றே எங்களைக் காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்துவார்.

இலங்கையின் முஸ்லிம் ஊர்களில் சீனடி என்ற தற்காப்புக் கலையும் சிலம்படியும் சேர்ந்தே பேசப்படும். கிழக்கில் கலியாண ஊர்வலங்களுக்கு முன்னால் ஆடப்பட்டு வந்தவை அவை. மலையகத் தோட்டங்களுக்குச் சிலம்பம் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரோடு வந்தது. எங்கே பழகினாலும் தொடக்கம் சலாம் வரிசைதான். சபைக்கும் ஆசானுக்கும் எதிரே நிற்கிறவனுக்கும் மரியாதை செய்துவிட்டுத்தான் அடி.

எதிரே நிற்கிறவன் என்று சொன்னேன் அல்லவா, என் வழக்கே அவனைப் பற்றியதுதான். சிலம்பம் என்றதும் இன்று எல்லோர் கண்ணிலும் வருவது சுழற்றல். எம்.ஜி.ஆர். 1963இல் ‘பெரிய இடத்துப் பெண்’ படத்தில் கம்பு வீசியதைப் பார்த்த தலைமுறைக்குக்கூட எதிரே ஒரு ஆள் நின்றது நினைவிருக்கும். இப்போது கைபேசியில் வரும் காட்சிகளில் ஆளே இல்லை. கம்பு மட்டும் சக்கரமாகச் சுற்றுகிறது. பார்க்க அழகுதான். நானும் சுழற்றுவேன், மேடையில் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் எதிரே ஆள் வந்து நின்றால் அந்த வீச்சுகளில் பாதி உதவாது. பெரிய வட்டமாகப் போகும் கம்பு ஒரு கணம் முதுகுப் பக்கம் இருக்கும். அந்தக் கணத்தில் நேரே வரும் குத்தைத் தடுக்க நம்மிடம் எதுவும் இல்லை.

சோடியாக நின்று பழகினால்தான் தூரம் பிடிபடும். இருவரின் நுனிகளும் தொட்டும் தொடாமலும் இருக்கும் ஓர் இடம் உண்டு. அங்கிருந்து துணிந்து உள்ளே நுழைந்தால் எதிராளியின் நுனி நம்மைத் தாண்டிப் போய்விடும். படுவது நடுக்கம்பு, அதற்கு நுனியின் வேகம் இல்லை. பயந்தவன் அரை அடி பின்வாங்கி, நுனியடி முழு வேகத்தில் விழும் இடத்தில் போய் நின்றுகொள்வான். இதை வாயால் எத்தனை தரமும் சொல்லலாம், விலாவில் ஒன்று விழுந்தால்தான் காலுக்கு விளங்கும். “கம்பப் பாக்காதீங்க, தோளப் பாருங்க” என்பார் அண்ணாவியார். வேகமாக வரும் நுனி கண்ணுக்குப் பிடிபடாது. அடி கிளம்பும் முன் தோள் அசைவது பிடிபடும்.

கம்பு நுனியில் பொடி தடவி, உடம்பில் படும் அடையாளங்களை எண்ணி வெற்றி சொல்லும் தொடுமுறைப் போட்டி பழைய வழக்கம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. நல்ல செய்தி. ஆனாலும் தனிச் சுழற்றலுக்குக் கிடைக்கும் புள்ளியைத் தொட்டு வென்றவனின் புள்ளிக்குச் சமமாக வைக்க எனக்கு மனம் வராது.

பிலிப்பைன்ஸ்காரர்கள் 2009இல் சட்டம் போட்டே ஆர்னிஸைத் தங்கள் தேசியத் தற்காப்புக் கலையும் விளையாட்டுமாக அறிவித்தார்கள். அதில் தொடக்கமே கையில் குட்டைக் கம்போடுதான். வெறுங்கை வேலை பிறகு. நம் வரிசைக்கு நேர் எதிர். அத்தோடு, பழகத் தொடங்கிய உடனேயே எதிரே ஒருவன் நின்று அடிக்கு அடி கொடுக்கிறான். காலடி முதலில் என்ற நம் முறையை விடச் சொல்லமாட்டேன், அந்த மணல் எனக்குத் தந்தது கொஞ்சமல்ல. எதிராளி இவ்வளவு பிந்தி வருவதைத்தான் குறையாகச் சொல்கிறேன். காலடி பழகும்போதே முன்னால் ஒருவனை நிறுத்தி, அவன் அடிக்கு இவன் அடி வைக்கப் பழக்கலாம். கம்பு அதற்குத் தேவையில்லை.

முந்தலில் எனக்கு இப்போதுள்ள சிக்கலும் ஆள்தான். கூடப் பழகியவர்கள் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். தனியாகச் சுழற்றலாம், தனியாகச் சிலம்படி அடிக்க முடியாது. ஆகவே பிள்ளையைப் பழக அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று: ஒரு பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். தம்பியோ தங்கச்சியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, சோடியாக அனுப்புங்கள். உயரம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. கம்பு நாங்கள் தருகிறோம்.