பூதத்தைத் தோற்கடித்தால் 5 புள்ளிதான்

வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு தரம் 8, 9 பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று ஆசிரியர்கள் என்ன செய்கிறோம் என்று சில பெற்றோர் கேட்டிருந்தார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கே போட்டால் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

அது கதை சொல்லி விளையாடும் விளையாட்டு. ஒரு ஆசிரியர் கதையை நடத்துவார். பிள்ளைகள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பாழடைந்த சுரங்கத்துக்குள் இறங்கிப் புதையல் தேடுவார்கள். தேவை பென்சிலும் கொப்பியும்தான். தாயக்கட்டை சில வீடுகளுக்குச் சங்கடம் என்பதால் 1 முதல் 6 வரை எழுதிய துண்டுகளைப் பேணிக்குள் போட்டு எடுக்கிறோம்.

இந்த வகையில் முதலில் வெளிவந்தது, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகெக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ். அதன் 1981ஆம் ஆண்டு அடிப்படைப் புத்தகத்தின் புள்ளிக் கணக்குதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. போர்வீரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2000 புள்ளி வேண்டும். கொப்ளின் என்ற குட்டிப் பூதத்தைத் தோற்கடித்தால் 5 புள்ளி. அப்படியென்றால் 400 பூதம்! ஆனால் வெளியே கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் 1 புள்ளி. பிள்ளைகள் உடனே கணக்குப் போட்டுவிட்டார்கள், சண்டை நட்டம் என்று. இப்போது பூதத்தைக் கண்டால் ஒளிகிறார்கள், பேரம் பேசுகிறார்கள். ஒருமுறை சோறு கொடுத்து அனுப்பினார்கள். கலாசாலையில் வெகுமதி பற்றிப் பக்கம் பக்கமாக நோட்ஸ் எழுதியதை நாங்கள் கண்ணால் பார்த்தது இங்கேதான்.

சும்மா அள்ளிக்கொண்டு வரவும் முடியாது. 10 காசு ஒரு இறாத்தல். 2000 காசு என்றால் ஏறக்குறைய 90 கிலோ. சுமை கூடினால் நடை குறையும். தீப்பந்தம் ஒரு மணித்தியாலம்தான் எரியும். இந்தக் கணக்கெல்லாம் சலிப்பு என்று விட்டுவிடலாம். விட்டால் விளையாட்டில் பாதி போய்விடும் என்பது எங்கள் எண்ணம்.

எங்களுக்குள் வாதம் வந்தது வேறொரு விதியில். பழைய புத்தகத்தில், கிடைத்த புள்ளி உயிரோடு திரும்பிய எல்லோருக்கும் சமமாகப் பிரியும். கெட்டிக்காரனுக்குக் கூடக் கொடுக்காவிட்டால் அவன் ஏன் மூளையைப் பாவிக்க வேண்டும் என்றார் எங்களில் ஒருவர். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலிலேயே வெட்டுப்புள்ளிக்கு மேல், கீழ் என்று பிரிக்கப்பட்டவர்கள். கீழே நின்றவர்கள் ஒவ்வொரு வருடமும் வாசலில் கட்டும் புதுப் பனருக்குக் கீழால்தான் நடந்து வருகிறார்கள்.

இரண்டு மாதிரியும் செய்து பார்த்தோம். தனிப்புள்ளி கொடுத்த வாரங்களில் பந்தம் பிடிக்க ஆளில்லை. பந்தத்துக்கு யார் புள்ளி தருவார்? சமமாகப் பிரித்த வாரம் ஒரு பிள்ளை முன்வந்தது. வகுப்பில் வாசிக்கச் சொன்னால் தலை குனியும் பிள்ளை. கொப்பியில் கோடு போட்டு நிமிடக் கணக்கு வைத்தது. போன வியாழன் மற்றவர்கள் செப்புக் காசு மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். 100 செப்பு சேர்ந்தால்தான் ஒரு தங்கக் காசு, பாரம் மட்டும் ஒன்றுதான். "அதப் போடுங்க! பத்து நிமிசம்தான் இருக்கு!" என்று அந்தப் பிள்ளை சத்தம் போட்டது. எல்லோரும் போட்டுவிட்டு ஓடினார்கள்.

2012இல் வந்த டன்ஜன் வேர்ல்ட் என்ற விளையாட்டில் முயன்று தோற்றாலே ஒரு புள்ளி உண்டு. அதையும் சேர்ப்பதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் கூடிவிட்டதால் கொஞ்சம் பெரிய பேணி ஒன்று வேண்டும். வீட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.