ரப்பர் காசில் ஒரு போர்க்கப்பல்

எச்.எம்.எஸ். மலாயா என்றொரு போர்க்கப்பல் இருந்தது. மலாயாவின் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்கள் சேர்ந்து பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டிக்கொடுத்த கப்பல். 1912-இல் பேச்செடுத்து, 1915-இல் நீரில் இறக்கினார்கள். செலவு கிட்டத்தட்ட 30 லட்சம் பவுன். ஈயத்தில் வந்த வரி, அபினில் வந்த வரி, ரப்பரில் வந்த வரி எல்லாம் அதில் கரைந்தன. அந்த வருசங்களில்தான் நெகிரி செம்பிலான் முழுக்கக் காடழித்து ரப்பர் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள் நம் தமிழர்கள். எங்கள் ரந்தாவ் பக்கத்துத் தோட்ட லயங்களில் யாரிடமும் இந்தக் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

1916-இல் ஜட்லாண்டில் ஜெர்மானியரோடு சண்டை போட்டது. 1921-இல் ஒருமுறை இங்கே வந்து காட்சி கொடுத்துவிட்டுப் போனது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கியபோது, மலாயாவின் பெயரைச் சுமந்த அந்தக் கப்பல் ஜிப்ரால்டர் பக்கம் இருந்தது. இங்கே வந்து சேர்ந்திருந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிப்பல்ஸும் டிசம்பர் 10-ஆம் தேதி குவாந்தானுக்கு அப்பால் மூழ்கின. கோடிக்கணக்கில் கொட்டி 1938-இல் திறந்த சிங்கப்பூர்க் கடற்படைத் தளமும் பிப்ரவரியில் போயிற்று.

எங்கள் பக்கத்துச் சிரம்பான் விழுந்தது அதற்கு முன்பே, 1942 ஜனவரி நடுவில். "தொர ராத்திரியோட ராத்திரியா காரேறிப் போயிட்டாரு. காலைல பெரட்டுக்கு நின்னா, பேரு கூப்பிட ஆளில்ல" என்பார் என் பாட்டி. அவர் சொன்ன யுத்தம் அவ்வளவுதான். துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகக்கூட அவர் சொன்னதில்லை. அதற்குப் பிறகு வந்ததைத்தான் நாளெல்லாம் சொல்வார்: மரவள்ளிக் கிழங்கு, சாக்குத் துணி, ஒரு நாள் லாரி வந்து ஆள் பொறுக்கிக்கொண்டு போனது. ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். பாட்டியின் அண்ணன் அதில் ஒருவர். திரும்பவில்லை.

பால்மரக்காட்டில் உழைத்தவர்கள் ஒரு சாம்ராஜ்யத்தின் தற்காப்புக்குப் பணம் கொடுத்தார்கள், அந்தத் தற்காப்பு அவர்கள் வாசல்வரை வரவேயில்லை. எனக்கு இதை ஆறப்போட முடியவில்லை.

யுத்தத்துக்குப் பிறகு, கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலத்தில் தற்காப்பு வாசலுக்கே வந்தது, வேறு முகத்தோடு. லயத்தைச் சுற்றி முள்கம்பி. கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, விடியற்காலையில் வேலைக்காட்டுக்குப் போகும் பெண்களை வேலி வாசலில் நிறுத்திச் சோதனை. பாட்டி தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். எஸ்.சி. என்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் குச்சியை விட்டுக் கிளறுவான். உள்ளே கோப்பி வரக்கோப்பியாகத்தான் இருக்க வேண்டும். சோறு ஒரு பருக்கை இருந்தாலும் அன்றைக்கு வம்பு. வெறும் வயிற்றோடு மரம் வெட்டிவிட்டு, பால் நிறுத்து முடித்த பிறகுதான் வீட்டுச் சோறு. அதே நேரம் கொரியச் சண்டையால் ரப்பர் விலை எகிறி, அந்த ஏற்றுமதி வரி அரசாங்கத்தின் சண்டைச் செலவைத் தாங்கியது. மறுபடியும் அதே மரத்துப் பால்.

2022 டிசம்பரில் எங்கள் ரந்தாவ் சட்டமன்ற உறுப்பினர் முகமட் ஹசான் நாட்டின் தற்காப்பு அமைச்சரானார். டவுன் கோப்பிக் கடையில் கப்பல் பேச்சுத்தான். கரையோரப் போர்க்கப்பல் ஆறு கட்ட 9 பில்லியன் ரிங்கிட் குத்தகை, 6 பில்லியனுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூட வந்து சேரவில்லை என்று பொதுக் கணக்குக் குழு அந்த ஆகஸ்டில்தான் சொல்லியிருந்தது. "அந்தக் காசுக்கு எத்தனை ஆஸ்பத்திரி!" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. ஆனால் சரவாக்குக்கு வெளியே லூக்கோனியா திட்டுகளில் சீனக் கடலோரக் காவல் கப்பல் வருசக்கணக்காகச் சுற்றுகிறது. நம் எண்ணெயும் எரிவாயுவும் அந்தக் கடலில்தான் இருக்கின்றன. மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் நாம் தற்காப்புக்குச் செலவழிக்கிறோம். சிங்கப்பூர் நூற்றுக்கு மூன்று. கொஞ்சம் கூட்டினால் தவறில்லை என்பதுதான் என் எண்ணம். 1942-ஐக் கேட்டு வளர்ந்தவன் காவல் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

கணக்கைத்தான் கேட்கிறேன். அந்தக் கப்பல்களைக் கட்டும் குத்தகையை எடுத்தது அப்போது பூஸ்டெட் குழுமத்தைச் சேர்ந்திருந்த கப்பல் பட்டறை. பூஸ்டெட், 1828-இல் சிங்கப்பூரில் தொடங்கி, ரப்பர்த் தோட்டங்களை நடத்திப் பெருத்த பழைய கம்பெனி. பிற்காலத்தில் அதில் பெரும்பங்கு யாரிடம் இருந்தது? படைவீரர்களின் சம்பளத்தில் பிடிக்கும் சேமிப்பை வைத்திருக்கும் ஆயுதப்படை நிதி வாரியத்திடம். வராத கப்பலின் அடி, கப்பலேறிக் காவல் நிற்க வேண்டியவனின் சேமிப்பிலும் விழுந்தது.

என் சித்தப்பா மகன் ராணுவத்தில் இருந்தவன். 21 வருசம் முடிக்காமல் வெளியே வந்ததால் ஓய்வூதியம் கிடையாது. இன்றைக்கு செண்டாயான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காவலாளி. 2023-இல் கப்பல் ஐந்தாகக் குறைந்து செலவு 11.2 பில்லியனாக ஏறிய செய்தியை அவனிடம் சொன்னேன்.

"கப்பல் வரட்டும்ணே, கண்டிப்பா வேணும்" என்றான். "ஆனா கப்பல் கணக்கையும் பையனுங்க சேமிப்புக் கணக்கையும் ஒரே நாள்ல பார்லிமெண்டுல வைக்கச் சொல்லுங்க. எங்கள மாதிரி பென்ஷன் இல்லாதவனுக்கு எவ்வளவுன்னு அதே தாள்ல எழுதச் சொல்லுங்க."