பால்கோவாவை விட்டுட்டு வா, லைசென்ஸை எடுத்துட்டு வா

என் அருமைச் செண்பகத்துக்கு,

டிக்கெட் போட்டாச்சுன்னு நீ சொன்னதுல இருந்து எங்க வீட்ல ஒரே ரகளை. நீயும் அண்ணனும் ஆக்லாந்துல வந்து இறங்க டிசம்பர் ஆகணும், இன்னும் எத்தனையோ நாள் கிடக்கு, ஆனா எங்க வீட்டுக்காரர் இப்பவே சாப்பாட்டு மேசை முழுக்க நியூசிலாந்தோட தெற்குத் தீவு மேப்பை விரிச்சுப் போட்டுட்டார். தட்டு வைக்க இடமில்ல, கிறைஸ்ட்சர்ச்சை மடக்கிட்டுத்தான் ரசம் ஊத்த வேண்டியிருக்கு. போன்ல பேசலாம்னா பேச்சு எங்கெங்கேயோ போயிடுது, நடுவுல அண்ணன் வேற வந்து நலம் விசாரிக்க ஆரம்பிச்சுடுறார், அவர் காதுல விழக்கூடாத ஒரு விஷயம் என்கிட்ட இருக்கு. அதனாலதான் ஏட்டி, உக்காந்து கடிதமாவே எழுதுறேன். அந்த ரகசியம் கடைசியில வரும், முதல்லயே அங்க தாவிடாதே.

இவர் போட்ட பட்டியலைப் பார்த்தா உனக்கு மயக்கமே வந்துடும். ஒரு ஊர்ல படுத்து எந்திரிச்சா அன்னிக்கே அடுத்த ஊர், பல் தேய்க்கிறது ஒரு ஏரிக்கரையில, குளிக்கிறது இன்னொரு ஏரிக்கரையில. குயின்ஸ்டவுன்ல இருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர், காலையில போய், படகுல சுத்திட்டு, ராத்திரிக்குத் திரும்பிடலாங்கிறார். மேப் நாலு மணி நேரம்னு காட்டுதாம். மதுரையில இருந்து சென்னைக்கு நாலுவழிச் சாலையில போற நினைப்பு மனுசனுக்கு! இங்க பெரிய நெடுஞ்சாலைன்னாலும் ஊரைத் தாண்டினா பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம், அவ்வளவுதான். வேக வரம்பு 100ன்னு இருக்கும், ஆனா வளைவுக்கு வளைவு மஞ்சப் பலகையில 35, 45ன்னு எழுதி வச்சிருப்பாங்க, அதை மதிச்சுத்தான் ஓட்டணும். முன்னாடி ஒரு வீட்டு வண்டி, அதாவது கட்டிலும் அடுப்பும் வச்ச வேன், ஆடி அசைஞ்சு போச்சுன்னா அதும் பின்னாடியேதான் போகணும். இதுக்கு மேல நாலு பேருக்கும் பாத்ரூம் போகணும், எனக்கு டீ குடிக்கணும், உனக்குக் கண்ணுல பட்ட இடத்துல எல்லாம் இறங்கிப் போட்டோ எடுக்கணும். மேப் காட்டுற நேரத்தோட அதுல பாதியைக் கூட்டிக்கணும்னு நான் சொன்னா, "நீ சோம்பேறி"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார்.

நானும் விடல. பென்சிலை எடுத்துப் பாதி ஊரை அடிச்சுட்டேன். இப்ப நிக்கிற திட்டம் இதுதான், அண்ணனுக்கும் படிச்சுக் காட்டு. ஆக்லாந்துல இருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு விமானம். அங்க கார் வாடகைக்கு எடுத்து டெக்காப்போ, மவுண்ட் குக், குயின்ஸ்டவுன், தே அனாவ், மில்ஃபோர்ட். அப்புறம் திரும்பி வானாக்கா வழியா மேற்குக் கடற்கரைக்கு ஏறி, வடக்கு முனையில பிக்டன்ல காரை விட்டுட்டு, கப்பல்ல வெலிங்டன். எடுத்த ஊர்ல விடாம வேற ஊர்ல விட்டா தனியா காசு கேப்பாங்க, கேட்டுட்டுப் போகட்டும். வந்த வழியே திரும்புற கொடுமைக்கு அது எவ்வளவோ தேவலை.

கார் வாடகைன்னதும் ஒரு வயித்தெரிச்சல் ஞாபகம் வருது. போன தடவை ஒரு கம்பெனியில எடுத்தோம், பேர் வேண்டாம், முன்கண்ணாடியில எங்கேயோ தெறிச்ச கல்லு கடுகளவு பட்டதுக்கு முழுக் கண்ணாடிக் காசையும் கார்டுல இழுத்துட்டாங்க. இந்தத் தடவை எக்ஸஸ், அதாவது சேதத்துக்கு நம்ம கையில இருந்து கட்டுற பங்கு, இல்லாத இன்சூரன்ஸா போடுன்னு சொல்லிட்டேன், காரை வாங்கும்போது சுத்திச் சுத்தி வீடியோ எடுக்கிற வேலை உனக்கு. சில ரோட்டுல போனா இன்சூரன்சே செல்லாதுடி, குயின்ஸ்டவுன் பக்கத்துல ஸ்கிப்பர்ஸ் கேன்யன்னு ஒரு மண் ரோடு, மலை விளிம்புல போகும், அங்க வாடகைக் காரைக் கொண்டு போகவே கூடாதுன்னு பேப்பர்லயே போட்டிருப்பாங்க. இவர் அங்கதான் போகணும்னு ஆசைப்படுறார், வேற என்ன.

மத்தபடி ஓட்டுறதுல பயப்பட ஒண்ணுமில்ல. நம்மூர் மாதிரியே இடது பக்கம்தான், ஸ்டியரிங்கும் வலது பக்கம். வாடகைக் கார் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக், கிளட்ச்சே கிடையாது. சிவப்பு சிக்னல்ல "லெஃப்ட் ஃப்ரீ"ன்னு திரும்பிடக் கூடாது, ஹாரனைத் தொடவே வேண்டாம், பின்னாடி நாலு வண்டி சேர்ந்துட்டா ஓரமா ஒதுங்கி வழி விடணும். புதுசுன்னா ஒரு வண்டி மட்டும் போற பாலம்தான், மேற்குக் கரையில அடிக்கடி வரும். பாலத்துக்கு முன்னாடி பலகையில ரெண்டு அம்பு இருக்கும், உன் பக்கத்து அம்பு சின்னதா சிவப்பா இருந்தா நீ நிக்கணும், எதிர்ல வர்றவன் போன பிறகுதான் நீ. போறவன் ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்லிட்டுப் போவான், நீயும் பதிலுக்கு ஒரு விரலைத் தூக்கணும். இதை அண்ணன்கிட்ட முன்கூட்டியே சொல்லி வை, இல்லாட்டி இறங்கிப்போய் சண்டை போட்டுடப் போறார்.

சரி, இடங்களுக்கு வரேன். டெக்காப்போ ஏரித் தண்ணி ஒரு மாதிரி பால் கலந்த நீலமா இருக்கும். பனியாறு பாறையை அரைச்சு அரைச்சு மாவாக்கிடுமாம், அந்த மாவு அடியில தங்காம தண்ணியிலயே மிதக்கிறதால வர்ற நிறம் அது. டிசம்பர்ல கரை முழுக்க ஊதாவும் ரோஸுமா லூப்பின் பூ நிக்கும். எல்லாரும் அதுக்குள்ள நின்னு போட்டோ எடுக்கிறாங்க, ஆனா அது வெளியில இருந்து வந்து பரவின களை, இங்க உள்ளவங்க அதைப் பிடுங்கப் படாத பாடு படுறாங்க. அந்த வட்டாரத்துக்கு மெக்கன்சின்னு பேர். யார் அந்த மெக்கன்சின்னு பார்த்தா, 1855ல ஆயிரம் ஆட்டைத் திருடி ஓட்டிட்டுப் போனான்னு பிடிபட்ட ஒரு ஆடு மேய்க்கி! ஜெயில்ல இருந்து தப்பினான், பிடிச்சாங்க, மறுபடி தப்பினான், கடைசியில அடுத்த வருசமே மன்னிப்பும் கொடுத்து விட்டுட்டாங்க. ஆட்டைத் திருடினான்னு உள்ள போட்டவன் பேரை மாவட்டத்துக்கே வச்சிருக்காங்க பாரு, நம்மூர்ல கூட இப்படிக் கேள்விப்பட்டதில்ல.

மில்ஃபோர்டுக்கு தே அனாவ்ல ராத்தங்கல் போட்டே ஆகணும்னு நான் ஒத்தைக் கால்ல நின்னு ஜெயிச்சுட்டேன். அங்கிருந்து 120 கிலோமீட்டர், கிளம்பும்போதே டாங்க் நிறைய பெட்ரோல் போட்டுக்கணும், வழியில பெரும்பாலும் போன் சிக்னலும் கிடையாது. நடுவுல ஹோமர் சுரங்கம்னு ஒண்ணு, 1935ல குந்தாலியும் மண்வெட்டியுமா ஆரம்பிச்சு 1954லதான் வண்டி விட்டாங்க. நீளம் கிட்டத்தட்ட ஒண்ணேகால் கிலோமீட்டர்தான், ஆனா பனிச்சரிவும் போரும் குறுக்க வந்து அத்தனை வருசம் இழுத்துடுச்சு. உள்ள சரிவா இறங்கும், வெட்டின பாறை அப்படியே தெரியும். கோடையில பகல்ல ஒரு பக்கத்து வண்டியைத்தான் விடுவாங்க, சிக்னல்ல காத்துக் கிடக்கணும். அங்கதான் கீயான்னு ஒரு மலைக்கிளி வரும். பச்சை நிறம், இறக்கையைத் தூக்கினா உள்ள ஆரஞ்சு. அழகா இருக்கேன்னு பார்த்துட்டே இருந்தோம்னா, கார் கண்ணாடி ஓரத்து ரப்பரைக் கொத்தி உரிச்சு இழுத்துடும். திங்கக்கூட இல்லடி, சும்மா விளையாட்டுக்கு! அதுக்கு எந்தத் தீனியும் போடக் கூடாது, அதுக்குத்தான் கெடுதல்.

மழை பெஞ்சா என்ன பண்றதுன்னு கேப்ப. மில்ஃபோர்டுல வருசத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யும், நம்ம கோவில்பட்டிக்காரிக்கு அந்தக் கணக்கே விளங்காது. மழை பெஞ்சாத்தான் அங்க அழகு. வெயில் நாள்ல ரெண்டு பெரிய அருவி மட்டும் விழும், மழை நாள்ல பாறை முழுக்க எண்ண முடியாத அருவி. ஆனா கொசுவை விடச் சின்னதா சாண்ட்ஃபிளைன்னு ஒரு பூச்சி, கணுக்காலைத் தேடி வந்து கடிக்கும். மாவோரி மக்கள் ஒரு கதை சொல்லுவாங்க, இவ்வளவு அழகான இடத்தைப் பார்த்தா மனுசங்க இங்கேயே தங்கிடுவாங்களேன்னு பயந்து ஒரு தேவிதான் இந்தப் பூச்சியை அவிழ்த்து விட்டாளாம். புத்திசாலிப் பொம்பளை. அதனால முழுக்கால் பேன்ட் எடுத்துட்டு வா, புடவைதான் கட்டுவேன்னு அடம்பிடிக்காதே.

மேற்குக் கரைக்கு ஹாஸ்ட் கணவாய் வழியா போறோம். அந்த ரோடு முழுசா முடிஞ்சது 1965லதான், அதுவரைக்கும் அந்தப் பக்கத்துச் சனங்க மலைக்கு அந்தாண்ட தனியா கிடந்தாங்க. ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறு பக்கத்துல நடந்தே போய்த் தொடலாம்னு அண்ணன் எதிலயோ படிச்சாராமே, அது அந்தக் காலம். பனி உருகிப் பின்வாங்கிப் போச்சு, இப்ப மேல ஏறணும்னா ஹெலிகாப்டர்தான், தூர நின்னு பார்த்துட்டு வருவோம். புனாக்காய்க்கியில சுண்ணாம்புப் பாறை தோசையை அடுக்கி வச்ச மாதிரி இருக்கும், கடல் ஏறுற நேரத்துக்குப் போனாத்தான் பாறை ஓட்டை வழியா தண்ணி பீறிட்டு அடிக்கும். அதுக்கு மட்டும் நேரம் பார்த்துப் போறோம், மத்த நாளெல்லாம் இஷ்டப்படி. டிசம்பர்ல தெற்கே ராத்திரி ஒன்பது மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும், அவசரமே வேண்டாம்.

வெலிங்டன்ல ஏன் இறங்கணும்னு இவர் கேட்டார். அந்த ஊரு தே பாப்பா அருங்காட்சியகத்தோட சேகரிப்புல தமிழ் எழுத்து பொறிச்ச ஒரு வெண்கல மணி இருக்குடி! வில்லியம் கொலென்சோன்னு ஒரு மிஷனரி, 1836 வாக்குல வடக்குத் தீவுல பார்த்திருக்கார், மாவோரிப் பெண்கள் அதுல உருளைக்கிழங்கு வேக வச்சுட்டு இருந்தாங்களாம். மொகைதீன் பக்ஸோட கப்பல் மணின்னு எழுதியிருக்கு. அது எப்படி இந்தக் கரைக்கு வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. எந்த ஊர் மரக்காயர் கப்பலோ! வெலிங்டனுக்குப் போயிட்டு அதை விசாரிக்காம எப்படிடி வர்றது?

அப்புறம் சாப்பாடு. கடலைமிட்டாய் கொண்டு வா, கடைப் பாக்கெட்டா பிரிக்காம கொண்டு வா, இங்க நுழையிறதுக்கு நிரப்புற படிவத்துல உணவு இருக்குன்னு மறக்காம டிக் பண்ணு. சொல்லாம விட்டு மாட்டினா அங்கேயே 400 டாலர் அபராதம். தேன், கருவேப்பிலை, பழம் எதுவும் வேண்டாம். திருவில்லிபுத்தூர் பால்கோவாவை நினைச்சா எனக்கு நாக்கு ஊறுது, ஆனா பால் சேர்த்த இனிப்புக்கு இங்க ரொம்பக் கெடுபிடி, குப்பையில போடுறதைப் பார்க்க என்னால முடியாது. அதை நீ கிளம்புறதுக்கு முன்னாடி என் பேரைச் சொல்லிச் சாப்பிட்டுடு.

இப்ப ரகசியம். லைசென்ஸ் எடுத்து எத்தனை வருசம் ஆச்சு உனக்கு? கேக்குற போதெல்லாம் "அவர் இருக்காருல்ல"ன்னு சொல்லுவ, கார் ஷெட்டுல நிக்கும், நீ மழையில ஆட்டோவுக்குக் காத்து நிப்ப. போன மாசம்கூட அதைச் சொல்லிப் புலம்பினியே, அப்ப இருந்து எனக்கு மனசே ஆறல. புக்காக்கி ஏரி ஓரமா மவுண்ட் குக் வரைக்கும் 55 கிலோமீட்டர் ஒரு ரோடு போகுது, அந்த ஊரோட முடிஞ்சுடும், அதுக்கு மேல எங்கேயும் போகாது, அதனால லாரித் தொந்தரவு இல்ல. எதிர்லயே 3,724 மீட்டர் மலை நிக்கும். அந்த ரோட்டை நீதான் ஓட்டுற. நான் பக்கத்துல, ஆம்பளைங்க ரெண்டு பேரும் பின் சீட்டுல. நான் பென்சிலை எடுத்து ஊரையெல்லாம் அடிச்சது எதுக்குன்னு நினைச்ச? அன்னிக்கு ஒரு நாள் அந்தத் தூரத்தைத் தவிர வேற வேலையே இருக்கக் கூடாது, நீ முப்பதுல போனாலும் ஓரம்கட்டி ஓரம்கட்டிப் போகலாம், யாரும் வாட்ச்சைப் பார்த்துட்டு "நகரு, நான் ஓட்டுறேன்"னு சொல்லக் கூடாது, அதுக்குத்தான்.

அதுக்கு உன் பேரை ஓட்டுநர்னு வாடகை ஒப்பந்தத்துல சேர்க்கணும், சேர்க்காம ஓட்டினா இன்சூரன்ஸ் செல்லாது. நம்ம லைசென்ஸ் கார்டுல இங்கிலீஷ்லயே இருக்கிறதால தனியா மொழிபெயர்ப்பு எதுவும் வேண்டாம், ஆனா அசல் கார்டு கையில இருக்கணும். காலாவதி ஆகலையேன்னு இன்னிக்கே பீரோவைத் திறந்து பாரு, ஆயிருந்தா நாளைக்கே ஆர்டிஓ ஆபீசுக்குப் போ. அண்ணன்கிட்ட இப்ப மூச்சு விடாதே, கிறைஸ்ட்சர்ச் கவுண்டர்ல நீ கையெழுத்துப் போடும்போது தெரிஞ்சா போதும். கார்டோட முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு, வழக்கம்போலக் குடும்ப குரூப்ல போட்டுத் தொலைச்சுடாதே.

உன் பிரியமுள்ள,
ராஜி