அடுப்பும் காக்காய்ப்பொன்னும்

செக்காலையில் விறகடுப்பு புகைந்த வீடுகளிலெல்லாம் இன்று கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் கொலுவீற்றிருக்கிறது. 1945-ல் அமெரிக்காவில் பெர்ஸி ஸ்பென்ஸர் என்பவரின் சட்டைப்பையில் மிட்டாய் இளகப்போய்ப் பிறந்த அடுப்பு என்று சொல்வார்கள். உள்ளே மாக்னட்ரான் என்றொரு குழல். அது எழுப்பும் அலை வினாடிக்கு 245 கோடி தடவை துடித்து, பண்டத்திலுள்ள நீரைச் சூடாக்குகிறது. பின்சுவரில் சூட்டுக் கம்பியும் விசிறியும் உண்டு. அனல் காற்றைச் சுழற்றிப் பண்டத்தைச் சிவக்க வைப்பது அவற்றின் வேலை.

எங்கள் வீட்டு அடுப்பு ஒருநாள் படபடவென்று பொறி கக்கியது. “தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவோம்” என்றான் மகன். பழுது பார்க்க வந்த தம்பி உட்சுவரிலிருந்து ஒரு தகட்டைக் கழற்றிக் காட்டினார். காக்காய்ப்பொன் தகடு, அலை வரும் வாசலுக்குத் திரை. எண்ணெய் தெறித்துத் தெறித்துக் கரிந்திருந்தது. புதுத் தகட்டை அளவாக வெட்டிப் பொருத்தினார். தீர்ந்தது வியாதி.

“தட்டு சுற்றியும் சூடேறவில்லையென்றால்?” என்றேன்.

“மாக்னட்ரானாக இருக்கும், டயோடாக இருக்கும், சில சமயம் வெறும் கதவு சுவிட்சுதான். ஆனால் மூடியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள், ஐயா. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும், ஆளையே கொன்றுவிடும்.”

பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசிப் பூசித் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ஊர் இது. அந்தக் குணம் இந்தப் பெட்டிக்கும் செல்லும். துடைப்பது நம் வேலை. திறப்பது தெரிந்தவர் வேலை.