என் பாடத்தைத் திருத்திய கரடி

நண்பர்கள் இருவர் காட்டு வழியே போனார்கள். எதிரே கரடி வந்தது. ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டான். மற்றவன் மூச்சை அடக்கிப் பிணம்போலப் படுத்துக்கொண்டான். கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம் தோட்டங்களில் இருக்க முடியாது. "கரடி செத்ததைத் தொடாது" என்று அழுத்திச் சொல்லி நானே பல வகுப்புகளுக்கு இதை நடத்தியிருக்கிறேன்.

நான் பயிற்சிக் கல்லூரி முடித்து வந்த புதிது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. கதை முடிந்ததும் கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான்.

"கரடி செத்ததையும் திங்கும் சார். எங்க தாத்தா பாத்திருக்காரு."

அவனுடைய தாத்தா காட்டோரத்தில் இரவுக் காவல் பார்த்தவர். வகுப்பு சிரித்தது, எனக்குக் கோபம் வந்தது. "புத்தகம் எழுதியவருக்குத் தெரியாதது உன் தாத்தாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டு, அந்தப் பாடவேளை முழுவதும் அவனை நிற்க வைத்தேன். அதன் பிறகு அவன் என் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை.

2024 செப்டம்பர் விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்துக்கொண்டு, நானும் என் மனைவியும் கனடாவுக்குப் போனோம். என் தங்கை வான்கூவரில் தாதியாக இருக்கிறாள். "வாழ்நாளில் ஒரு தடவையாவது வாங்கண்ணே" என்று அவளும் மச்சானும் அலாஸ்காவுக்குக் கப்பல் சீட்டு எடுத்துவிட்டார்கள். என் சம்பளத்தில் நினைத்துப் பார்க்கக்கூடிய பயணமன்று.

அலாஸ்கா என்பது 1867இல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா 72 இலட்சம் டாலருக்கு வாங்கிய பூமி. கப்பல் தீவுகளுக்கு நடுவே வடக்கு நோக்கிப் போகிறது. இரு கரையிலும் ஒரே காடு, ஓயாத மழை. நம் காட்டைப் போலவே அதுவும் மழைக்காடுதான். குளிர் மட்டும் எலும்பைத் துளைக்கிறது.

ஜூனோ என்னும் ஊரில் இறங்கினோம். மாநிலத் தலைநகரம் அது. ஆனால் வெளியிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். அங்கிருந்து மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் பேருந்தில் போனோம். பக்கத்தில் ஒரு சிற்றோடை. அதன்மேல் உயரமான பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். கீழே சால்மன் மீன்கள் செக்கச்செவேலென்று நீந்தின. அவை ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிட்டதும் செத்துப்போகின்றன. ஓடையெங்கும் செத்த மீன்கள். மூக்கைப் பிடிக்கும் நாற்றம்.

புதர் அசைந்தது. ஒரு கருங்கரடியும் இரண்டு குட்டிகளும் வந்தன. எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் உண்ணாமல் குகையில் கிடக்க வேண்டும். அதற்குள் உடம்பில் கொழுப்புச் சேர்த்தாக வேண்டுமே! உயிரோடு துள்ளும் மீனைப் பிடிக்கும் என்று காத்திருந்தேன். தாய்க்கரடியோ குனிந்து, கரையில் வெளுத்துக் கிடந்த ஒரு செத்த மீனைக் கவ்விக்கொண்டு போய்க் குட்டிகளோடு தின்னத் தொடங்கியது.

பக்கத்தில் எல்லாரும் படம் எடுத்தார்கள். எனக்குக் கை எழவில்லை. கடைசி வரிசையில் தலை குனிந்து நின்ற அந்தப் பையன்தான் கண்முன் வந்தான்.

இன்னொரு நாள் பனியாறுகள் நிறைந்த கிளேசியர் விரிகுடாவுக்குள் கப்பல் போனபோது, பூங்காக் காவலர் ஒருவர் கப்பலில் ஏறி விளக்கம் சொன்னார். அவரிடம் தங்கையைக் கேட்கச் சொன்னேன். 2010இல் அங்கே கரை ஒதுங்கிய செத்த திமிங்கிலத்தைக் கரடிகளும் ஓநாய்களும் வந்து தின்றனவாம். கரடியைக் கண்டால் ஓடக்கூடாது. அமைதியாகப் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்க வேண்டும். குட்டியைக் காக்கப் பாயும் பழுப்புக் கரடி மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கைகளால் மறைத்துக்கொள்ளலாம். ஆனால் கருங்கரடி தாக்கினால் படுக்கவே கூடாது. எதிர்த்துப் போராட வேண்டும். கதையை நம்பிப் படுத்தவன் கதி என்ன?

இன்னொன்றும் சொன்னார். கரடி தின்று போட்ட மிச்ச மீன் கரையோர மரங்களுக்கு உரமாகிறதாம். நாம் செம்பனைக்கு மூட்டை மூட்டையாக உரம் போடுகிறோம். அங்கே கரடி போடுகிறது.

ஊர் திரும்பியதும் ஒரு மாலை அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். இப்போது அவன் இதே தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறான். அவனுடைய மகள் எங்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளை வைத்துக்கொண்டே நடந்ததைச் சொல்லி, "நீ சொன்னதுதான் சரி. தவறு என்னுடையது" என்றேன்.

"அதையா சார் இன்னும் நெனச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்று சிரித்தான். பிறகு சிறிது நேரம் பேசவில்லை. "தாத்தா இருந்திருந்தா கேட்டுச் சந்தோசப்பட்டிருப்பாரு" என்றான்.

இன்றும் அந்தக் கதையை நடத்துகிறேன். ஆபத்தில் கைவிடாதவனே நண்பன் என்ற நீதி பொய்யாகிவிடவில்லை. ஆனால் கதை முடிந்ததும், "உங்கள் வீட்டில் யாராவது கரடியைப் பார்த்ததுண்டா?" என்று கேட்கிறேன். நம் காட்டிலும் தேன்கரடி இருக்கிறதே!

பெற்றோர்களே, நீங்கள் கண்ணால் கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வகுப்பில் எழுந்து அதைச் சொன்னதற்காக ஆசிரியர் அதட்டினால், பள்ளிக்கு வந்து எங்களிடமும் சொல்லுங்கள். நாங்களும் கற்றுக்கொள்கிறோம்.