பர்லியாறில் நாலு பிளக்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயிலும் போகிறது, காரும் போகிறது. ரயிலின் பாடு தேவலை. 1899-ல் இந்தப் பாதையைப் போட்டவர்கள், கல்லாறு ஸ்டேஷனிலிருந்து தண்டவாளங்களுக்கு நடுவே இரும்புப் பற்களைப் பதித்து வைத்தார்கள். என்ஜின் தன் பல்சக்கரத்தால் அவற்றைக் கவ்விக்கொண்டு, 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்திலும் நழுவாமல் ஏறிவிடும். காருக்கு அந்த உபகாரம் கிடையாது. 14 கொண்டை ஊசி வளைவுகளையும் அது தன் சொந்தப் பலத்தில்தான் கடந்தாக வேண்டும்.

கல்லாறில் பாக்குத் தோப்புகளின் நிழல் ரோடு முழுவதும் விழுந்து கிடக்கிறது. அரசாங்கப் பழப் பண்ணையைத் தாண்டியதும் முதல் வளைவு. அதற்குப் பிறகு காற்றில் ஈர மண்ணின் வாசனை. காது மெல்ல அடைக்கிறது. குன்னூர் போய்ச் சேருவதற்குள் சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். தூரமோ 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மலையடிவாரத்தில் பலர் வண்டிக்கு முன் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஏறுகிறார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு பழம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த நாலு சக்கரங்களையும் சுழல வைக்கும் இன்னொரு நாலு பேர் பானெட்டுக்குள் இருக்கிறார்களே, அவர்களை யாராவது நினைக்கிறார்களா?

பர்லியாறில் பழக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. மங்குஸ்தான் வாங்கலாம் என்று ஜூன் மாதத்துக் காலை ஒன்றில் அங்கே இறங்கினேன். கடைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு குடும்பத்தின் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. மடியில் குழந்தையுடன் ஒரு பாட்டி மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை வெண்ணெய் போல ஓடிய வண்டியாம். நாலாவது வளைவில் திக்கித் திணற ஆரம்பித்தது. பின்னால் ஒரு பஸ், பக்கத்தில் பள்ளம். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வண்டி குலுங்கியதே தவிர ஏறவில்லை. என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வேறு கண் சிமிட்டியது. எப்படியோ பர்லியாறு வரை ஊர்ந்து வந்துவிட்டார்கள்.

"பிளக் மாத்தணும்னு போன மாசமே சொன்னேன். சர்வீஸ் புஸ்தகத்தில் 40,000 கிலோமீட்டர்னு போட்டிருக்கு. நம்ம வண்டி 58,000 ஓடியாச்சு. ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓடற வண்டிக்கு அதெல்லாம் எதுக்குன்னு கேட்டீங்களே!" என்றார் அந்த அம்மாள். கணவர் ரொம்ப சிரத்தையாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் மெக்கானிக் வந்தார். என்ஜின் ஆறும் வரை அதைத் தொடவில்லை. சூட்டோடு திருகினால் அலுமினியத்தில் உள்ள மரை கெட்டுவிடுமாம். பிறகு நாலு பிளக்கையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். நுனியில் இரண்டு உலோக முனைகள். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவில் சந்து. அதில்தான் பொறி பாய வேண்டும். அந்தப் பிளக்குகளிலோ கூராக இருக்கவேண்டிய விளிம்புகள் தேய்ந்து உருண்டிருந்தன, சந்தும் அகன்றுவிட்டது.

"அப்படின்னா கீழே எப்படி ஓடிச்சு?" என்றார் கணவர்.

"சமதரையில ஓடுமுங்க. மேட்டுல மிதிக்கறப்பத்தானுங்க தெரியும்" என்றார் மெக்கானிக்.

விஷயம் இதுதான். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் மேலும் நெருக்கி அடைபடுகின்றன. அந்த நெருக்கத்தில் பொறி தாண்டுவதற்கு மின்சார அழுத்தம் அதிகம் வேண்டும். சந்து அகன்றிருந்தால் இன்னும் அதிகம் வேண்டும். காயில் தர முடிகிற அளவை அது மீறும்போது பொறி தவறுகிறது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரில் எரிந்து அதைப் பாழாக்கும். நாலு பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு விலையுள்ள சாமான் அது! மஞ்சள் விளக்கு கண் சிமிட்டினால் ஓரம் கட்டிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் 1,500 தடவை சிலிண்டரில் தீ மூட்டியாக வேண்டும். தேயாமல் என்ன செய்யும்? சாதாரண நிக்கல் முனைப் பிளக்குகளை 30,000, 40,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுவது வழக்கம். இரிடியம், பிளாட்டினம் முனைகள் 1,00,000 வரைகூடத் தாங்கும். எதுவானாலும் உங்கள் வண்டியின் புஸ்தகம் சொல்வதே கணக்கு. அதில் கிலோமீட்டருடன் வருஷக் கணக்கும் கொடுத்திருந்தால், எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. பள்ளிக்கூட வாசலுக்கும் கறிகாய்க் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டிக்குச் சலுகை ஒன்றும் இல்லை. அது சூடேறுவதற்குள் நின்றுவிடுகிறது. பிளக்கில் படியும் கரி எரிந்து போக வழியில்லை. (டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அவர்களுக்கு இந்த ஜாதிப் பிளக்கே கிடையாது.)

"கெட்டுப்போனது ஒண்ணுதானே? அதை மட்டும் மாற்றினால் போதாதா?" என்று கணவர் கடைசியாக ஒரு முறை முயன்று பார்த்தார். நாலுக்கும் ஒரே வயது. நாலையும்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார் மெக்கானிக். புதுப் பிளக்குகளை முதலில் கையாலேயே திருகி, கடைசியில்தான் ஸ்பானர் போட்டார். அரை மணியில் என்ஜின் சீராக உறும ஆரம்பித்தது. பாட்டி குழந்தையுடன் ஏறிக்கொண்டார்.

பழைய பிளக்குகளை அந்த அம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. நீங்களும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்குங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் என்ஜின் சுகம். உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது குட்டிப் பயணங்களே அதிகம். எண்ணெய்ப் பிசுக்கானால் என்ஜின் ஆயில் உள்ளே கசிகிறது. வெள்ளை வெளேரென்று கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சுகிறது. கடைசி இரண்டும் தென்பட்டால் புதுப் பிளக் போட்டதோடு விட்டுவிடாமல் மெக்கானிக்கிடம் காரணம் கேளுங்கள்.

மங்குஸ்தான் அன்று கொஞ்சம் புளிப்புதான். குன்னூரில் சூடான டீயும் வர்க்கியும் அதை ஈடுகட்டின. கோத்தகிரி வழியாக இறங்கும்போது பிளக்குக்கு அவ்வளவு வேலை இல்லை. பிரேக்கையே நம்பாமல் இரண்டாவது கியரில் வாருங்கள்.