டோக்கியோவில் டு-லெட்

வீட்டுக்காரருக்கு 'ரொம்ப தேங்க்ஸ் ஸார்' என்று சொல்ல நம் ஊரில் காசு பணம் செலவாகாது. டோக்கியோவில் அதற்கு ஒரு மாத வாடகை ஆகும். சில வீடுகளுக்கு இரண்டு மாதம்.

தமாஷ் இல்லை. அதற்கு ரெய்கின் என்று பெயரே இருக்கிறது. நன்றிப் பணம். 'எனக்கும் ஒரு வீடு கொடுத்தீர்களே, மகராசனாக இருங்கள்' என்று வீட்டுக்காரர் கையில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். நம் அட்வான்ஸ் மாதிரி திரும்ப வரக்கூடிய ஷிகிகின் தனி. (வரக்கூடிய என்றுதான் சொன்னேன். வரும் என்று சொல்லவில்லை!)

நான் கணக்கு வாத்தியார். டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் எதோகாவா என்று ஒரு பேட்டை. அங்கே நம் ஊர் சிலபஸ் நடத்தும் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்து, 2023 மார்ச் நடுவில் போய் இறங்கினேன். பள்ளி நிர்வாகம் 24 இரவுகளுக்கு ஒரு குட்டி அறை போட்டுக் கொடுத்தது. 25-ம் நாள் காலையில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன் என்பது என் சொந்த விஷயம். ஏப்ரல் 8-ம் தேதி மனைவியும் ஐந்து வயதுப் பெண்ணும் திருச்சியிலிருந்து கிளம்பி வர டிக்கெட் போட்டாயிற்று. கான்ஸல் செய்தால் பைசா திரும்பாத டிக்கெட்.

இதில் விசேஷம், மார்ச் மாதம் ஜப்பானில் வீடு தேடவே கூடாத மாதம். அங்கே பள்ளி, காலேஜ், ஆபீஸ் எல்லாவற்றுக்கும் ஏப்ரலில்தான் புது வருஷம். நாடு மொத்தமும் மார்ச்சில் வீடு மாறுகிறது. காலையில் பார்த்த வீடு மத்தியானம் காபி குடித்துவிட்டு வருவதற்குள் போய்விடும்.

எதோகாவாவில் நிஷிகசாய் என்று ஒரு ஸ்டேஷன். இந்தியர்கள் கொத்தாக வசிக்கும் இடம். 1990களின் கடைசியில் 'ஒய்-டூ-கே' பூச்சாண்டி காட்டியபோது கம்ப்யூட்டர் பையன்கள் வந்து இறங்கினார்கள். ஓத்தேமாச்சி ஆபீஸ்களுக்கு ஒரே ரயிலில் போகலாம் என்பதால் இங்கேயே தங்கிவிட்டார்கள். மளிகைக் கடையில் துவரம் பருப்பு, பெருங்காயம் எல்லாம் கிடைக்கிறது. வாடகை வீடு மட்டும் கிடைக்கவில்லை.

எனக்குத் துணை வந்தது எட்டு வருஷமாக அங்கே இருக்கும் ஒரு மதுரைக்காரத் தம்பி. கம்ப்யூட்டர் ஆசாமி. ஜப்பானிய மொழியை மதுரை வேகத்தில் பேசுவார். "ஸார், நீங்க வாயைத் திறக்காதீங்க. சிரிச்சுக்கிட்டு மட்டும் நில்லுங்க" என்பதுதான் அவர் கொடுத்த ஒரே டிரெயினிங்.

வீட்டு ப்ரோக்கருக்கு அங்கே ஃபுதோசான்-யா என்று பெயர். ஸ்டேஷன் வாசலில் கடை வைத்திருப்பார். கண்ணாடி முழுக்க வீட்டு ப்ளான் அச்சடித்த காகிதங்கள். 1கே, 2டிகே, 3எல்டிகே என்று ஃபார்முலா மாதிரி எழுதியிருக்கும். முதல் எண் அறைகளின் எண்ணிக்கை. கே கிச்சன், டி டைனிங், எல் லிவிங். அறையின் அளவை சதுர அடியில் சொல்ல மாட்டார்கள், பாயில் சொல்வார்கள். ஆறு பாய் அறை என்றால் ஆறு தத்தாமிப் பாய் விரிக்கலாம். நம் கணக்கில் 100 சதுர அடி சொச்சம். 'ஸ்டேஷனிலிருந்து 7 நிமிஷம்' என்று போட்டிருந்தால் நம் ஊர் விளம்பரத்தின் 'கூப்பிடு தூரம்' மாதிரி புருடா இல்லை. நிமிஷத்துக்கு 80 மீட்டர் என்று விதி இருக்கிறது. சிக்னலில் நிற்கிற நேரமும் மேடு ஏறும் மூச்சிரைப்பும் மட்டும் கணக்கில் சேராது.

அப்புறம் இந்த 'மேன்ஷன்'. ஒரு காகிதத்தில் மேன்ஷன் என்று பார்த்ததும் எனக்குத் திருவல்லிக்கேணி ஞாபகம் வந்துவிட்டது. ஒரே அறையில் நாலு கட்டில், கொடியில் லுங்கி, நடுராத்திரி சீட்டுக் கச்சேரி! டோக்கியோவில் மேன்ஷன் என்றால் கான்க்ரீட் கட்டடத்தில் உள்ள ஃப்ளாட். மரம் அல்லது லேசான இரும்புச் சட்டத்தில் கட்டியது அபாத்தோ. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நாம் 'நூறு வயசு' சொல்ல வேண்டியிருப்பது இரண்டாவதில். அதைவிட முக்கியமாகத் தம்பி ஒவ்வொரு காகிதத்திலும் பார்த்தது, கட்டடம் 1981 ஜூனுக்கு முந்தியதா, பிந்தியதா என்று. அந்த மாதம்தான் பூகம்பத்துக்கான கட்டட விதிகளை இறுக்கினார்கள். "பழசு வேண்டாம் ஸார். குழந்தை வருது" என்றார்.

முதல் ப்ரோக்கர் இளைஞர். கறுப்புக் கோட்டு, பளிச்சென்ற ஷூ. எங்களுக்குப் பிடித்த வீட்டின் காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரருக்கு போன் போட்டார். போனைப் பார்த்துக் கும்பிடு போட்டபடியே பேசினார். நடுவில் 'இந்தோ' என்று ஒரு வார்த்தை விழுந்தது. அந்தப் பக்கம் மெளனம். இவர் இன்னும் ஆழமாகக் குனிந்தார். போனை வைத்துவிட்டு, பற்களுக்கிடையே 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை இழுத்து, "சொத்தோ..." என்றார்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். "சொத்தெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க தம்பி. திருச்சியில அப்பா பேர்ல ஒரு வீடு இருக்கு, அவ்வளவுதான்."

"அய்யோ ஸார், சொத்தோன்னா 'கொஞ்சம்'னு அர்த்தம். கொஞ்சம் கஷ்டம்னு சொல்றார்."

"கொஞ்சம்தானே? பேசிப் பார்ப்போமே?"

"கொஞ்சம் கஷ்டம்னா கிடையவே கிடையாதுன்னு அர்த்தம் ஸார்."

அந்த வாரம் பதினோரு சொத்தோ வாங்கினேன். ஒருவர்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. ஒவ்வொருவரும் வாசல் வரை வந்து, நாங்கள் தெருமுனை திரும்பும் வரை குனிந்து நின்று வழியனுப்பினார்கள். நம் ஊரில் 'பேச்சிலருக்குக் கிடையாது', 'நான்-வெஜ்ஜா, கிடையாது' என்று கேட்டின் உள்ளே நின்றபடியே சொல்வார்கள். எது தேவலை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மரியாதையாகச் சொன்னாலும் 25-ம் நாள் காலையில் பெட்டி தெருவில்தான் இருக்கும்.

எனக்கு மட்டும் நேர்ந்த சமாசாரம் இல்லை இது. 2017-ல் ஜப்பானிய நீதி அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் வீடு தேடிய வெளிநாட்டவரில் நூற்றுக்கு 39 பேர், 'வெளிநாட்டுக்காரர்' என்ற ஒரே காரணத்துக்காக வீடு மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். ஜாமீன் போட ஜப்பானியர் இல்லை என்று மறுக்கப்பட்டவர்கள் 41 பேர்.

வீட்டுக்காரர்கள் இவ்வளவு பயப்படுவதற்குக் காரணம், சட்டம் குடித்தனக்காரர் பக்கம் சாய்ந்திருப்பது. 1991-ம் வருஷத்து வாடகைச் சட்டப்படி, சாதாரண ஒப்பந்தத்தில் குடிவந்தவரைத் தகுந்த காரணம் காட்டாமல் காலி பண்ணச் சொல்ல முடியாது. உள்ளே விட்டால் விட்டதுதான். அதனால் வாசலிலேயே சல்லடை போடுகிறார்கள். அந்தச் சல்லடையில் நம்மோடு சேர்ந்து சிக்குகிறவர்கள் யார் தெரியுமா? அவர்கள் ஊர்ப் பெரியவர்களே! நாலாவது ப்ரோக்கர் கடையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் எழுபத்தைந்து மதிக்கத்தக்க ஒரு தாத்தா, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் போன் போட்டார்கள். அவருக்கும் சொத்தோ. தனியாக இருக்கும் கிழவர் வீட்டிலேயே இறந்துபோனால் என்ன செய்வது என்று வீட்டுக்காரருக்கு பயமாம். தாத்தா தொப்பியை மாட்டிக்கொண்டு, எனக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரமே 70 ஆயிரம் யென்னுக்கு ஒரு வீட்டைக் காட்டினார்கள். இரண்டு அறை, புதுப் பெயின்ட், அநியாயத்துக்கு மலிவு. காகிதத்தின் மூலையில் பொடி எழுத்தில் 'தெரிவிக்க வேண்டிய விஷயம் உண்டு' என்று இருந்தது. தம்பி விசாரித்தார். முன்பு தனியாக இருந்தவர் இறந்து பல நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்ததாம். 2021-ல் அரசாங்கம் இதற்கும் ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது: வயதாகிச் சாதாரணமாக இறந்தால் சொல்ல வேண்டியதில்லை, இந்த மாதிரி என்றால் வாடகை வீட்டுக்குச் சுமார் மூன்று வருஷம் வரை சொல்ல வேண்டும். என் மனைவிக்கு முப்பது வருஷம் ஆனாலும் போதாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். வழியெல்லாம் எனக்குத் தொப்பித் தாத்தாதான் ஞாபகம்.

இதற்கிடையில் இன்னொரு வட்டம். வீடு கேட்டால் போன் நம்பர் கேட்டார்கள். போன் கடையில் வாங்கப் போனால் வீட்டு விலாசம் கேட்டார்கள். பாங்கில் கணக்கு ஆரம்பிக்கப் போனால் இரண்டையும் கேட்டார்கள். கடைசியில் விலாசம் கேட்காமல் சிம் கார்டு தரும் கடை ஒன்றைத் தம்பி கண்டுபிடித்தார். ஜாமீனுக்குப் பள்ளி நிர்வாகம் கையை விரித்துவிட்டது. நல்ல வேளையாக, காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் போடுவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. நம் ஊரில் ஜாமீன் போட்ட மச்சான்கள் பட்ட பாட்டை நினைத்தால் நல்ல ஏற்பாடு என்றே தோன்றுகிறது. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அதற்குத் தம்பி கையெழுத்துப் போட்டார்.

'யுஆர்' வீடு பார்க்கவில்லையா என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். அரசு சார்ந்த குடியிருப்பு. நன்றிப் பணம் இல்லை, ப்ரோக்கர் கமிஷன் இல்லை, ஜாமீன் வேண்டாம். நிஷிகசாய் இந்தியக் குடும்பங்கள் பல அங்கேதான் இருக்கின்றன. ஆனால் வாடகையைப் போல் சுமார் நாலு மடங்கு மாதச் சம்பளம் காட்ட வேண்டும். என் சம்பளம் எட்டிய வீடுகள் எதுவும் மார்ச்சில் காலி இல்லை.

பதினெட்டாவது நாள். பன்னிரண்டாவது வீடு. இரண்டு அறை, சமையல்கட்டு, 1994-ல் கட்டியது, 95 ஆயிரம் யென். வீட்டுக்காரர் பொதுவாகக் குடிவருகிறவரை நேரில் பார்ப்பதில்லை. இவர் பார்க்க வேண்டும் என்றார். எழுபது வயது. கம்பளி ஸ்வெட்டர். முதல் கேள்வியே, "தினமும் கறியா?"

கறி என்றால் மாமிசம் இல்லை, மசாலா குழம்பு. அந்த வாசனை வால்பேப்பரில் ஏறினால் போகாது என்று அங்கே ஒரு கிலி. (அரசாங்க வழிகாட்டிப்படி வால்பேப்பரின் மதிப்பு ஆறு வருஷத்தில் ஒரு யென்னாகத் தேய்ந்துவிடும். அதை அந்த நேரத்தில் நான் எடுத்துச் சொல்லவில்லை!)

"கறி இல்லை, சாம்பார்" என்றேன். தம்பி அதை ஜப்பானிய மொழியில் வெகு நேரம் சொன்னார். வீட்டுக்காரர் முகம் தெளிந்தது.

"என்ன தம்பி சொன்னீங்க?"

"மிஸோ சூப் மாதிரி ஒரு பருப்பு சூப்புன்னேன் ஸார்."

அடுத்த கேள்வி, என்ன பாடம் நடத்துகிறீர்கள்? கணக்கு என்றதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜப்பான் பிள்ளைகள் ஒன்பதாம் வாய்ப்பாட்டோடு நிறுத்திவிடுவார்கள். இந்தியர் எல்லோருக்கும் பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை தலைகீழ்ப் பாடம் என்று 2000களில் அங்கே ஒரு பேச்சு கிளம்பி, 'இந்தியக் கணக்கு' புத்தகங்களாக விற்றுத் தீர்ந்தன. பெரியவர் அதைப் படித்தவர் போலிருக்கிறது.

"பதினெட்டுப் பதினேழு?" என்றார்.

"முந்நூற்று ஆறு."

மேஜைமேல் இருந்த கால்குலேட்டரில் ப்ரோக்கர் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "பத்தொன்பது பதினாறு?" முந்நூற்று நாலு. இப்படி ஒன்பது கணக்கு. நேர்முகத் தேர்வில்கூட எனக்கு இவ்வளவு வியர்த்ததில்லை. தவறாகச் சொன்னால் குடும்பமே தெருவில் நிற்கும் என்ற நிலையில் வாய்ப்பாடு சொல்லிப் பாருங்கள், தெரியும்!

"சரி" என்றார்.

பில் வந்தது. முதல் மாத வாடகை 95,000, ஷிகிகின் 95,000, நன்றி 95,000, ப்ரோக்கர் கமிஷன் வரியோடு 1,04,500, ஜாமீன் கம்பெனிக்கு 47,500, தீ இன்ஷூரன்ஸ் 20,000, பூட்டு மாற்ற 16,500. மொத்தம் 4,73,500 யென். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய மூன்று லட்ச ரூபாய். வீட்டில் இன்னும் ஒரு பல்பு கூட எரியவில்லை. ஆமாம், பல்பு கிடையாது! ஸ்டவ், திரைச்சீலை, விளக்கு எல்லாம் நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். இரண்டு வருஷம் கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்னொரு மாத வாடகை. 'இது செல்லுமா?' என்று ஒருவர் கோர்ட்டுக்கே போய், 2011-ல் சுப்ரீம் கோர்ட் 'அளவுக்கு மீறாமல் இருந்தால் செல்லும்' என்று சொல்லிவிட்டது.

கையெழுத்துப் போடும்முன், வீட்டுக்குள் செருப்புப் போடக் கூடாது என்று ப்ரோக்கர் எனக்குப் பத்து நிமிஷம் படம் காட்டி விளக்கினார். எங்களுக்கே சொல்கிறார்! அப்புறம் பெயர். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது? பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டிருந்ததால், ஒப்பந்தம் அப்பா பெயரில்தான். தபால்பெட்டியிலும் அப்பா பெயர். வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவதும் அப்பா பெயரோடு 'சான்' சேர்த்துத்தான். திருச்சியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு டோக்கியோவில் வாடகை பாக்கி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு 205. பக்கத்து வீடு 203. நடுவில் 204 கிடையாது. நாலு என்பதற்கும் சாவு என்பதற்கும் அங்கே ஒரே உச்சரிப்பு. கணக்கு வாத்தியார் வீட்டுப் பக்கத்தில் ஓர் எண்ணே காணோம்!

அன்றிரவு மனைவிக்கு போன் செய்தேன். வீடு கிடைத்துவிட்டது என்று சொல்லி, ரெய்கின், ஷிகிகின், பூகம்ப விதி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏங்க, தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்றாள்.

"எப்பத் திறந்தாலும் வரும்."

"நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

"அப்படியே குடிக்கலாம்."

"அப்ப சரி" என்றாள். "பெரிய குக்கரை எடுத்துக்கிட்டு வரேன்."

பத்து மணிக்கு மேல் வாஷிங் மெஷின் போடக் கூடாது, பால்கனியில் கம்பளி உதறக் கூடாது, செவ்வாய்க்கிழமை தவிர பாட்டில்களை வெளியே வைக்கக் கூடாது என்றெல்லாம் ஒப்பந்தத்தில் பதினாலு ஷரத்து இருந்தன. குக்கர் விசில் பற்றி எதுவும் இல்லை. மறுநாள் தம்பியை உட்கார வைத்து, ஒருமுறை முழுசாகப் படித்துக் காட்டச் சொன்னேன்.